ம் கொட்டியவள்

அந்தக் கோட்டு வேறு யாரோ ஒரு பெரிய உடம்புக்கு அளவெடுத்துத் தைத்ததாக இருக்க வேண்டும். வாசலில் நின்ற பொன்முடிப் பெண் அதைக் கமலவேணியின் தோளில் போட்டு, ஒவ்வொரு கையாக உள்ளே நுழைத்து, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். உள்ளே சேலை சுருண்டு முழங்காலில் சிக்கிக்கொண்டது. இன்னொருத்தர் கையால் உடுத்திக்கொள்வது என்றால் ஒன்று குழந்தையாக இருக்கும்போது, இன்னொன்று கல்யாணத்தன்று, அப்புறம் என்று மனம் மூன்றாவதற்குப் போகப் பார்த்தது. அவள் அதைக் காதைப் பிடித்துத் திருப்பினாள். "அத்தைக்கு இன்னைக்கு ஐஸ் வைக்கறதுன்னு முடிவு பண்ணியாச்சுங்க," என்றான் மாப்பிள்ளை தரணிதரன். மாப்பிள்ளை தமாஷ் பண்ணினால் மாமியார் சிரித்தாக வேண்டும். சிரித்தாள். "போங்க மாமா, நீங்களும் உங்க ஜோக்கும்," என்று மகள் கோகிலா புருஷன் முதுகில் கையுறையால் ஓர் அடி வைத்தாள். சுவர், மேசை, குடிக்கிற தம்ளர் எல்லாமே பனிக்கட்டியில் செய்த மதுக்கடை அது. ஆம்ஸ்டர்டாமைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் ஒருதரம் உள்ளே போய் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் போவதில்லையாம். அரைமணி நேரத்துக்குமேல் யாரையும் விடமாட்டார்களாம், உடம்பு தாங்காதாம். ஐஸ் வைக்க இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டியதில்லை. காலையிலேயே வைத்தாயிற்று. அவர்கள் குடியிருக்கிற ஐந்தோவனில் ரயில் ஏறியதும் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து, பிளாஸ்கிலிருந்து காபியை ஊற்றிக் கையில் கொடுத்துவிட்டு, தரணிதரன் பவ்யமாகக் குனிந்து சொன்னான்: "கோபில இருக்கற உங்க வீட்டுக்கு நல்ல குடித்தனம் கெடைச்சிருக்குங்க அத்தை. பேங்க் மேனேஜருங்க. ஒண்ணாந்தேதி பால் காய்ச்சறமுங்கறாங்க. உங்க விசாவை நீட்டறதுக்கு வக்கீலப் பாத்தாச்சு. இன்னைக்குச் சாயங்காலம் அவங்களுக்குப் போன் பண்ணி, சரின்னு சொல்லிடறனுங்க." ரயில் ஒரு கால்வாயைத் தாண்டியது. கமலவேணி, "ம்," என்றாள். கோகிலா சட்டென்று அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அப்பாடா என்பதுபோல. அவ்வளவுதான் நடந்தது. மூன்று மாதம் மகளோடு இருந்துவிட்டு வருகிறேன் என்று பூட்டிவிட்டு வந்த வீடு ஒரு 'ம்'மில் கைமாறிவிட்டது. சாயங்காலத்துக்குள் அந்த 'ம்'மைத் திரும்ப எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் அடுத்த வாரம் ஊருக்குப் போகிற விமானத்தில் அவள் இருக்கமாட்டாள், அதற்குப் பிறகு எந்த விமானத்திலும் இருக்கமாட்டாள்.

கனத்த கதவு ஒன்று, ஆள் நிற்கிற இடைவெளி, இன்னொரு கதவு, பிறகு மூக்குத் துவாரம் இரண்டையும் ஒட்டவைக்கப் பார்க்கிற ஒரு காற்று. நீல விளக்கு. சுவரெல்லாம் கண்ணாடிப் பாளமாகப் பனிக்கட்டி, அதற்குள்ளே மேலே கிளம்பிய காற்றுக் குமிழிகள் பாதி வழியில் அப்படியே நின்றுபோயிருந்தன. வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுச் சத்தமாகச் சிரித்தார்கள், வாயிலிருந்து புகை வந்தது. பாட்டு நெஞ்சில் இடித்தது. அந்த இடிக்கு அடியில் இன்னொரு சத்தம் இருப்பதை அவள் காது முதலிலேயே பிடித்துவிட்டது. சுவருக்குப் பின்னால் எங்கோ மோட்டார் ஓடுகிறது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, உதட்டை மூடிக்கொண்டு யாரோ மூச்சே வாங்காமல் ம்ம்ம் என்று சொல்லிக்கொண்டிருப்பதுபோல. இந்தச் சத்தத்தின் பக்கத்தில் இரண்டு ராத்திரி உட்கார்ந்திருக்கிறாள். கோபி வீட்டு ஹாலில், டிவி ஸ்டாண்டை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் வைத்த ஐஸ் பெட்டிக்குள் அவள் புருஷன் அர்த்தநாரி படுத்திருந்தார். கோகிலா வந்து சேர வேண்டும். அவள் ஏறவேண்டிய இரண்டாவது விமானம் அவளை விட்டுவிட்டுப் போய்விட்டது, அடுத்தது மறுநாள். எல்லோரும் காத்திருந்தார்கள், அவரும் காத்திருந்தார். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்த மனுஷன். ஒரு கர்ப்பிணி ஓடிவருகிறாள், கொஞ்சம் நில்லுங்கள் என்றால்கூட விசிலை வாயிலிருந்து எடுக்கமாட்டார். கோபமாகக் கையை ஆட்டுவார், வண்டி நகரும், அவளை அடுத்த வண்டியில் தானே இடம் பிடித்து ஏற்றியும் விடுவார். எந்த வண்டியையும் நேரம் தப்ப விடாத அந்த மனுஷனை, ஊரெல்லாம் சுற்றி நிற்க, மூக்கில் பஞ்சு வைத்து நிறுத்திவைத்திருந்தார்கள். கண்ணாடி மூடியில் வேர்த்து வேர்த்து நீர் கோக்கும். முகம் மறைந்துபோகும். புதிதாக யாராவது மாலையோடு வந்தால் அவள் எழுந்து முந்தானையால் துடைப்பாள், முகம் தெரியும், வந்தவர் பார்ப்பார், மறுபடி மறையும். கரண்ட் போனபோது அந்த ம்ம்ம் நின்றது. அப்போதுதான் வீடு எவ்வளவு அமைதியாக இருக்க முடியும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஜெனரேட்டர், ஜெனரேட்டர் என்று நாலு பேர் ஓடினார்கள். ஈங்கூர்ச் சித்தப்பா மட்டும் நகரவில்லை. அவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். குடித்துக்கொண்டே, யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடத் திரும்பினவர், தம்ளரைப் பெட்டியின் கண்ணாடி மூடிமேல் வைத்தார். அர்த்தநாரியின் நெஞ்சுக்கு நேர் மேலே, சூடான காபித் தம்ளர். கமலவேணிக்கு நாக்கு எழுந்தது. அது முழுக்க எழுவதற்குள் அவர் இவளைப் பார்த்து, "கமலா, இன்னும் அரைத் தம்ளர் கெடைக்குமா, சர்க்கரையக் கொறச்சு," என்றார். "ம்," என்று சொல்லிவிட்டு அவள் சமையல்கட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது கண்ணாடியில் ஒரு வட்டம் இருந்தது. எத்தனையோ அழுகை, எத்தனையோ பேர், எல்லாம் மங்கிப்போயிற்று. அந்த வட்டம் மட்டும் போகமாட்டேன் என்கிறது. இதோ, இங்கே பனிமேசைமேல் தம்ளரை வைத்துவைத்து எடுக்கிறார்கள், வைத்த இடமெல்லாம் வட்டம்.

"அத்தை, உங்களுக்கு ஆரஞ்சு ஜூஸுங்க," என்று தரணிதரன் பனித்தம்ளரைக் கொண்டுவந்து கொடுத்தான். கட்டையாக, சதுரமாக, செங்கல்லைக் குடைந்தமாதிரி ஒரு தம்ளர். அவன் கையிலும் அதே மஞ்சள் நிறத்தில் ஒன்று இருந்தது. மாமியார் எதிரில் குடிப்பது மரியாதையில்லை என்று ஜூஸைக் கலந்து வாங்கியிருக்கிறான். குடிக்கும்போது அரைவட்டமாகச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறான், சிற்பம் பார்க்கிறவன்போல. வாசனை கோட்டைத் தாண்டி வருகிறது. பாவம். நல்ல பையன்தான். அதுதான் கஷ்டம். கெட்டவனாக இருந்தால் எப்போதோ சொல்லியிருக்கலாம். அவள் உதட்டைத் தம்ளரில் வைத்தாள், உதடு ஒட்டிக்கொண்டது, பிய்த்து எடுத்தபோது தோல் லேசாக எரிந்தது. 'ம்' கொட்டுவதில் அவளுக்குச் சர்வீஸ் அதிகம். கோபி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபது வயதுப் பெண்ணாக ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள். யார் பேசுவதையும் கேட்கக்கூடாது என்பது ரூல். லைன் இருக்கிறதா, பேசுகிறார்களா என்று நடுநடுவே காது வைத்துப் பார்க்க வேண்டும் என்பதும் ரூல். அப்படிக் காது வைத்த போதெல்லாம் விழுந்தது பேச்சைவிட 'ம்'தான். கடன் கேட்கிறவனிடம் சொல்லப்படும் 'ம்' குட்டையாக இருக்கும், கதவைச் சாத்துவதுபோல. பக்கத்தில் மாமியார் நிற்கும்போது அம்மாவிடம் பேசுகிற பெண்ணின் 'ம்' மூக்காலேயே வரும். காதலிக்கிறவர்களுடையது கீழேயிருந்து மேலே போகும். இழவுச் செய்தி கேட்டவனுடைய 'ம்' ஒன்று உண்டு, அதில் காற்றே இருக்காது. பக்கத்து நாற்காலி புஷ்பவதியும் அவளும் மத்தியானம் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்துவைத்துக்கொண்டு, இது எந்த 'ம்' சொல்லு பார்க்கலாம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்காட்டிச் சிரிப்பார்கள். புஷ்பவதி ஒன்றுகூடத் தப்பாகச் சொன்னதில்லை. ஆனால் போர்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவளின் 'ம்'முக்கு யார் காதுகொடுப்பார்கள். பெண் பார்த்துவிட்டுப் போனபின் அப்பா என்னம்மா என்றார், 'ம்' என்றாள், முகூர்த்தம் குறித்தார்கள். வாழ்க்கை ஒன்றும் மோசமில்லை. ஆனாலும் அன்றைக்கு அவள் சொன்னது, நீங்கள் பேசுவது கேட்கிறது அப்பா என்பது மட்டும்தான்.

பொங்கல் கழிந்து ஒரு காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். எலும்பு ஒன்றும் முறியவில்லை. எழத்தான் முடியவில்லை. தரையிலிருந்து பார்த்தால் வாளி எவ்வளவு உயரம் என்பதையும் குழாயின் அடியில் பாசி பிடித்திருக்கிறது என்பதையும் பார்த்துக்கொண்டு கிடந்தாள். செத்துப்போவோம் என்ற பயம் வந்தது. வந்து, பக்கத்தில் ஈரத்தில் உட்கார்ந்துகொண்டது. பிறகு அதன் தோளைப் பிடித்துக்கொண்டே எழுந்ததுபோல எப்படியோ எழுந்து, பால்காரி வந்தபோது கதவைத் திறந்தாள். எதிர்வீட்டு லட்சுமணன் மனைவி அதைக் கோகிலாவிடம் போனில் சொல்லிவிட்டாள், நல்லெண்ணத்தோடுதான். அன்றிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் போன். நீ தனியா இருக்கறேன்னு நெனச்சா எனக்குத் தூக்கமே வர்றதில்லைம்மா. ம். மறுபடியும் விழுந்தீன்னா என்ன பண்ணுவே. ம். இங்க வந்துடும்மா, எங்களோட இருந்துக்கலாம். ம். கேட்கிறது கண்ணு, லைன் கிளியராக இருக்கிறது, மேலே சொல்லு என்பது அந்த 'ம்'. கோகிலா அதையெல்லாம் ஒவ்வொரு செங்கல்லாக எடுத்து அடுக்கி, மாடியில் அவளுக்கு ஓர் அறை கட்டிவிட்டாள். இப்போது பனிச்சுவரில் குடைந்த ஒரு நாற்காலியில் உட்காரச் சொல்கிறார்கள், மேலே மான்தோல் விரித்திருக்கிறது. "அத்தை, ராணியாட்டம் இருக்கீங்க, இப்படிப் பாருங்க," என்கிறான் தரணிதரன். செல்போனைப் பிடித்த விரல் சிவந்திருக்கிறது. அவள் பார்த்தாள். கோகிலா வந்து நாற்காலியின் கையில் உட்கார்ந்து, அம்மாவின் கோட்டுத் தொப்பியை இழுத்துவிட்டு, காதோரம் வெளியே வந்த நரைமுடியை உள்ளே தள்ளினாள். கையுறைக்குள் இருந்தாலும் அது கோகிலாவின் விரல்தான். சின்ன வயதில் தூங்குவதற்கு அம்மாவின் காதுமடலைப் பிடித்துக்கொள்கிற விரல். "குளுருதாம்மா," என்றாள். "ம்." "கொஞ்ச நேரந்தான். வெளிய போனா சூடா சூப் வாங்கித் தர்றேன்." பக்கத்தில் பார்க்கும்போது அவள் முகவாய் அப்படியே அர்த்தநாரி.

ஐஸ் பெட்டியைத் திறந்த அன்று கோகிலாவின் முகவாய் ஆடிக்கொண்டிருந்தது. கால்செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்தாள். அப்போதுதான் மூடியை எடுத்தார்கள். மூடியின் உட்பக்கத்தில் கோத்திருந்த நீர் சொட்டி அவர் கன்னத்தில் விழுந்து காதுப்பக்கம் ஓடியது. "அம்மா, அப்பா அழுதிருக்கார்மா," என்றாள் கோகிலா. "எனக்காக அழுதிருக்கார் பாரு." சுற்றி நின்ற எல்லோருக்கும் தெரியும் அது என்னவென்று. எல்லோரும் கமலவேணியைப் பார்த்தார்கள். "ம்," என்றாள் அவள். ஆயுசில் சொன்ன அத்தனை 'ம்'மிலும் அந்த ஒன்றை மட்டும் எந்தக் காலத்திலும் திரும்ப வாங்கமாட்டாள். அதைக் கொடுத்ததுதான் வினையாகிவிட்டதோ. அப்பா காத்திருந்து அழுதார், அடுத்து அம்மாவும் காத்திருப்பாள், நான் மறுபடியும் தாமதமாகத்தான் போவேன் என்று அந்தப் பெண் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். பேங்க் மேனேஜர், விசா, வக்கீல் எல்லாம் அந்த ஒரு சொட்டுத் தண்ணீரிலிருந்து வந்தவை. இது தெரிந்தும் எப்படி மாட்டேன் என்று சொல்வது. காரணம் ஏதாவது வேண்டும். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கம்பளி வாங்குவார்கள். சாப்பாடு என்றால் ஐந்தோவனிலேயே இட்லி மாவு கிடைக்கிறது. முழங்கால் வலி என்றால் இங்கே நல்ல டாக்டர். மகள் வீட்டில் போய் நிரந்தரமாக உட்கார்ந்தால் ஊர் என்ன சொல்லும் என்பது அம்மா காலத்துக் காரணம், கோகிலா சிரித்துவிடுவாள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து ஒவ்வொன்றாக வைத்தாள். எல்லாம் பொய். நிஜமான காரணத்தைத்தான் எவரிடமும் சொல்ல முடியாது.

நிஜமான காரணம், அவள் அந்த வீட்டில் தனியாக நன்றாக இருந்தாள். துக்கம் விசாரித்தவர்களெல்லாம் போய், பதினாறு முடிந்து, கோகிலாவும் கிளம்பிப் போனபின், ஒரு வாரம் வெறும் அழுகை. பிறகு ஒருநாள் காலையில் தூக்கம் கலைந்தபோது வெயில் சுவரில் ஏறியிருந்தது. அர்த்தநாரி வீட்டுக் கடிகாரங்களையெல்லாம் பத்து நிமிஷம் முந்தி வைத்திருப்பார். அவள் நாற்காலி போட்டு ஏறி எல்லாவற்றையும் சரியான நேரத்துக்குத் திருப்பினாள். கட்டிலை ஜன்னலுக்குக் கீழே நகர்த்தினாள், நடுவில் படுத்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு முறுக்கும் மோரும் போதும் என்று தோன்றினால் போதும். ஒரு மத்தியானம் பவானிக்குப் போகிற பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பவானியில் இறங்காமலேயே அதே பஸ்ஸில் திரும்பி வந்தாள். கண்டக்டர், "என்னங்கம்மா, எறங்கலயா," என்றான். "சும்மா வந்தனுங்க," என்றாள். சும்மா. டைம் கீப்பர் பெண்டாட்டி சும்மா பஸ்ஸில் போய்வந்தாள். வீட்டுக்கு வந்து, எங்கே போனே என்று கேட்க ஆளில்லாத ஹாலில் நின்று, அவர் படத்தைப் பார்த்து அழுதாள். அழுதுகொண்டே சந்தோஷமாக இருந்தாள். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே நெஞ்சுக்குள் இருக்க முடியும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. புருஷன் போய் வருஷம் திரும்பியதும் சந்தோஷமாக இருக்கிறேன் என்று எந்தப் பெண் வாயைத் திறந்து சொல்வாள், அதுவும் அவர் பெற்ற மகளிடம். ஐந்தோவன் வீட்டில் அடுப்பில் நெருப்பே தெரியாது, தொட்டால் சுடும், அம்மா நீ தொடாதே. ரோட்டில் சைக்கிள்காரர்கள் பறப்பார்கள், அம்மா நீ நில்லு. பாசம்தான். பாசத்தில் அவள் நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டு வருகிறாள். இன்னும் கொஞ்ச நாள் போனால் இந்தச் சுவருக்குள் குமிழி நிற்கிறமாதிரி, பத்திரமாக, எல்லோரும் பார்க்கும்படி, மேலே போகாமல்.

கூரை விளக்கு ஒருதரம் மினுக்கியது. இன்னும் ஐந்து நிமிஷம் என்று அர்த்தமாம், தரணிதரன் சொன்னான். "அம்மா," என்றாள் கோகிலா, "உன் ரூமுக்கு ஊதாக் கலர்ல கர்ட்டன் பாத்து வெச்சிருக்கேன். போற வழியில வாங்கிட்டுப் போயிடலாமா?" கமலவேணி வாயைத் திறக்கப் பார்த்தாள். உதடு மரத்துப்போயிருந்தது. "ம்," என்று வந்தது. சுவருக்குப் பின்னால் மோட்டாரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. கோகிலா சந்தோஷமாகத் திரும்பி, "சரிங்கறாங்க மாமா," என்றாள். இல்லை. ஒன்றாம் வகுப்பில் டீச்சர் கையைப் பிடித்துச் சிலேட்டில் எழுதவைத்த எழுத்து இது. ம் என்பது மெய். மெய் என்றால் உடம்பு, அதற்குத் தானாக வாய் திறக்கத் தெரியாது, உயிரெழுத்து வந்து ஏற வேண்டும். அவள் பனித்தம்ளரை மேசையில் வைத்தாள். உள்ளங்கையால் வாயைத் தேய்த்தாள். மூடிய உதட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்ததைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "மா," என்றாள்.

"மாத்தணுமா? ஊதா வேண்டாமா?" என்றாள் கோகிலா.

"மாட்டேன். நான் இங்க இருக்கமாட்டேன் கண்ணு. அடுத்த வாரம் ஊருக்குப் போறேன். வீட்ட வாடகைக்கு விட வேண்டாம்."

கோகிலா அவளைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள். "காலைல ரயில்ல ம்னு சொன்னே."

"ம்னா கேக்குதுன்னு அர்த்தம். சரின்னு அர்த்தமில்ல."

"ஆறு மாசமா போன்லயும் ம் ம்னுதானே சொன்னே?"

"ஆறு மாசமாக் கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

தரணிதரன் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினான். "மாமா, சிரிச்சீங்கன்னா கொன்னுடுவேன்," என்றாள் கோகிலா. குரல் உடைந்திருந்தது. "அங்க யாரும்மா இருக்கா உனக்கு?"

"யாருமில்ல. அதுதான் எனக்கு வேணும்."

சொன்னபிறகுதான் அது எவ்வளவு கூர்மை என்று கமலவேணிக்குத் தெரிந்தது. அள்ளித் திரும்ப வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு கை உள்ளே எழுந்தது. எழட்டும் என்று விட்டாள், அது தானே இறங்கிக்கொண்டது. பக்கத்து வெள்ளைக்காரப் பிள்ளைகள் தம்ளரோடு தம்ளரை இடித்தார்கள், பனி பனியில் மோதி மொட்டையாக ஒரு சத்தம். கோகிலா கேட்கமாட்டாள் என்று நினைத்ததைக் கேட்டாள், மெதுவாக: "அப்பா போனது உனக்கு நல்லதாப் போச்சா?"

"உங்கப்பா இருந்தப்பவும் நல்லாத்தான் இருந்தேன். இப்பவும் நல்லா இருக்கேன். ரெண்டும் நெசந்தான். எதுக்காக நான் ஒண்ணப் பொய்யாக்கணும்?"

"விழுந்தியே."

"விழுந்தேன். எந்திரிச்சேன்."

"எந்திரிக்க முடியாமப் போயிருந்தா?"

குளியலறையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பயம் இங்கேயும் வந்து நாற்காலியின் மறுகையில் உட்கார்ந்தது. உட்காரட்டும், இடமிருக்கிறது. "முடியலைன்னா முடியல," என்றாள்.

"அப்ப நான் மறுபடியும் பிளைட்டு மாறி மாறி ஓடிவரணும். நீ பெட்டிக்குள்ள இருப்பே. நான் வந்து கண்ணாடியத் தொட்டுப் பாக்கணும். அதானே?"

"இல்ல. எனக்குப் பெட்டி வேண்டாம். அன்னைக்கே எடுத்துடுங்கன்னு எல்லாத்துகிட்டயும் சொல்லிவெச்சுடறேன். என்னைய யாருக்காகவும் நிறுத்திவெக்கக் கூடாது."

"உன் மூஞ்சியக்கூட நான் பாக்கக் கூடாதா?"

"இப்பப் பாரு."

கோகிலா பார்த்தாள். நீல வெளிச்சத்தில், பெரிய தொப்பிக்குள், உதடு வெளுத்து, மூக்குநுனி சிவந்து, கண்ணோரம் தண்ணீர் கோத்திருந்த அம்மாவின் முகம். கமலவேணி அதைத் திருப்பிக்கொள்ளவில்லை. துடைக்கவுமில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொள் என்று கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். "செத்தா எனக்குச் சொல்லி அனுப்பாதே," என்றாள் கோகிலா கடைசியில். "செத்தப்புறம் நான் எப்படிச் சொல்லியனுப்பறது," என்றாள் கமலவேணி, "எக்ஸ்சேஞ்சுல வேலை பாத்தவளா இருந்தாலும் அதுக்கு லைன் கெடைக்காது." கோகிலாவின் தொண்டையில் சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒன்று வந்தது. அதை வெளியே விடப் பிடிக்காமல் அவள் எழுந்து, கதவைத் தோளால் இடித்துத் திறந்து, போய்விட்டாள். அந்தக் கதவும் அதற்கு அடுத்த கதவும் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின. விளக்கு மறுபடி மினுக்கியது, எல்லோரையும் வெளியே போகச் சொன்னார்கள். தரணிதரன் கையில் தம்ளரோடு நின்றான், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள மறந்திருந்தான். "அத்தை," என்றான், "அந்தப் பேங்க் மேனேஜர்கிட்ட இப்ப என்னன்னுங்க சொல்றது? பால் காய்ச்ச நாளெல்லாம் குறிச்சுட்டாங்களே." மகளிடம் சொன்னதைவிட இது கஷ்டம். இருபது வருஷமாக இவன் முகத்துக்கு நேரே ஒரு மறுப்பு சொன்னதில்லை, காபிக்குச் சர்க்கரை போதுமா என்பதற்கு மேல் கேட்டதில்லை. கமலவேணி மான்தோலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "வீட்டுக்காரி குடிவர்றாளாமா, வேற எடம் பாத்துக்கங்கன்னு சொல்லுங்க மாப்பிள்ளை," என்றாள். "சாயங்காலம் வரைக்கும் வேண்டாங்க. வெளிய போனதும் பேசிடுங்க. நான் பக்கத்துல நிக்கறேன்."

வெளியே வெயில் முகத்தில் அறைந்தது. கால்வாய்ப் பாலத்தில் கோகிலா முதுகைக் காட்டி நின்றாள், திரும்பவில்லை, போய்விடவுமில்லை. தரணிதரன் சுவரோரம் நின்று போன் போட்டான். "மன்னிச்சுக்கங்க சார்… இல்லீங்க, அத்தையே வர்றாங்களாமுங்க… ஆமாங்க, அடுத்த வாரமே…" என்றான். அந்தப் பக்கத்திலிருந்து என்னவோ கேட்டார்கள். அவன் போனைக் கையால் பொத்திக்கொண்டு, தயங்கி, "தனியாவாங்கறாருங்க அத்தை," என்றான்.

"ஆமாங்க. தனியாத்தான்," என்றாள் கமலவேணி, பாலத்தில் நின்ற முதுகுக்கும் கேட்கிற மாதிரி.